மன்டரின் பெட்டி மட்டையில் ஒரு தமிழ்க் கொப்பி

இரண்டு வருசத்துக்கு முன்னர் எங்கட தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழா முடிந்த இரவு, மண்டபத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கிற பொறுப்பு எங்கள் நாலு பேருக்கு வந்தது. கதிரைகளை அடுக்கி, மேடைச் சோடனையைக் கழற்றி, குப்பைப் பைகளைக் கட்டி வெளியில் கொண்டுபோனோம். அப்போது ஒரு பையின் வாயிலிருந்து பொன்னிறக் கிண்ணம் ஒன்று எட்டிப் பார்த்தது. இழுத்தெடுத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் பேச்சுப் போட்டிக்காக மேடையில் கொடுத்த கிண்ணம். ஒரு கைபிடி உடைந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்த 'வாழ்த்துகள்' ஸ்ரிக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பிள்ளையிலோ தாய் தகப்பனிலோ நான் குறை சொல்ல மாட்டேன். உடைந்த கிண்ணத்தை என்ன செய்வது? ஒட்டவும் ஏலாது, வேறொன்றுக்குப் பாவிக்கவும் ஏலாது. அது மெல்லிய பிளாஸ்ரிக். மேலே உலோக நிறப் பூச்சு. நிற்பதற்காக அடியில் ஒரு பாரமான கட்டை. நடுவில் ஒரு இரும்பு ஆணி. நாலு பொருளைச் சேர்த்துச் செய்ததைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. பிளாஸ்ரிக் தொட்டியிலும் போட முடியாது, உலோகத் தொட்டியிலும் போட முடியாது. மிச்சக் குப்பையோடுதான் போக வேண்டும்.

பலேர்மோவில் மிச்சக் குப்பை எங்கே போகிறது என்று இங்கு வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். பெல்லோலாம்போ மேட்டுக்கு. 2023 யூலையில், வெப்பம் 40 பாகையைத் தாண்டிய அந்தக் கிழமையில், நகரைச் சுற்றியிருந்த மலைகளில் பிடித்த தீ அந்தக் குப்பை மேட்டுக்கும் பரவியது. வேர்த்து ஒழுக ஒழுக யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். அந்தப் புகையில் எங்கட பிள்ளையளின் பழைய கிண்ணங்களும் எரிந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அந்த இரவு, உடைந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த நினைப்பு வந்தது.

சியாகுல்லியில் இருந்து

நாங்கள் இருப்பது பலேர்மோவின் தென்கிழக்கு ஓரத்தில், சியாகுல்லியில். பெரும்பாலான எங்கட சனம் பல்லறோ சந்தையைச் சுற்றியும் நகர நடுவிலும்தான் இருக்கிறார்கள். இவருக்குத் தோட்ட வேலை கிடைத்ததால் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம்.

வயதான இத்தாலியருக்கு சியாகுல்லி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குண்டுவெடிப்பு. 1963 யூன் 30 அன்று, இங்கு நிறுத்தியிருந்த அல்ஃபா ரோமியோ கார் ஒன்றில் மாஃபியா வைத்த குண்டு வெடித்து, அதை ஆராயப் போன ஏழு பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டார்கள். இன்று கடைக்காரரைக் கேட்டால் வேறு பதில் சொல்லுவார்: 'தார்தீவோ தி சியாகுல்லி', பிந்திப் பழுக்கிற மன்டரின். 1940-களில் இங்குள்ள தோட்டங்களில் தானாகத் தோன்றிய வகை என்கிறார்கள். மற்ற மன்டரின்கள் முடிந்த பிறகு, தை மாதத்திலிருந்து பங்குனி வரை பறிக்கிறார்கள். மெல்லிய தோல், குறைந்த விதை, நல்ல இனிப்பு. ஸ்லோ ஃபூட் அமைப்பு பாதுகாக்க வேண்டிய உணவுகளின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. மாஃபியாவிடமிருந்து பறிமுதல் செய்த காணி ஒன்று இங்கே நினைவுத் தோட்டமாக இருக்கிறது. கொல்லப்பட்டவர்களின் பெயரில் அங்கே மரங்கள் நட்டிருக்கிறார்கள்.

குளிர் காலத்தில் இவர் பறிக்கிற மன்டரினை இலையோடுதான் வெட்டுவார். சந்தைக்கும் இலையோடுதான் போகும். இலை பச்சையாக இருந்தால் பழம் புதிது, வாடியிருந்தால் பழையது. அந்தப் பழத்துக்கு ஸ்ரிக்கரும் வேண்டாம், திகதி அச்சடித்த பையும் வேண்டாம்.

நான் காலையில் நகரத்தில் இரண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறேன். ஒன்று கட்டட வரைபடம் கீறுகிற இடம். பின்னேரம் வீடு. சனிக்கிழமையில் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி. மூத்த மகள் பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் வடிவமைப்புப் படிக்கிறாள். இந்தக் கதையில் அவளுக்கும் பங்கு இருக்கிறது.

அஞ்சு யூரோ பென்சில் கூடு

அந்த விழா முடிந்து சில நாளில் மகள் வகுப்புக்கென்று ஒரு சாமான் வாங்கி வந்தாள். பித்தளையில் செய்த சின்னக் குழாய். கட்டையாகிப்போன பென்சிலை அதுக்குள் செருகி, வளையத்தை இறுக்கினால் திரும்பவும் நீளப் பென்சில் மாதிரிப் பிடித்து எழுதலாம். இத்தாலியில் அதை 'அல்லுங்கமத்தீத்தே' என்கிறார்கள். விலை அஞ்சு யூரோவுக்குக் கிட்ட.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்கிறீங்கள்?"

"இதை நாங்கள் சும்மா செய்தனாங்கள் பிள்ளை. எழுதி முடிஞ்ச பேனைக் கூட்டுக்குள்ள பென்சில் துண்டைச் செருகிப்போட்டு எழுதுறது. நகம் பிடிக்கிற அளவு துண்டு வரும் வரைக்கும் எழுதுவம்."

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை, அல்லது தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கிற அளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. போத்தலே சிமிலி. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். பத்திரிகைகள் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளிலும் நிறத் தாளிலும் வந்தன. பழைய கொப்பியில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்து, அம்மா ஊசி நூலால் தைத்து அடுத்த தவணைக்குக் கொப்பியாக்கித் தருவா. மட்டைக்குப் பழைய கலண்டர்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். எனக்குள் ஒரு பெருமை. பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறதை நாங்கள் பத்து வயதிலேயே செய்தோம் என்று. அவள் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்:

"அம்மா, அது டிசைன் இல்லை. அது இல்லாமை. இருந்திருந்தால் நீங்களும் புதுக் கொப்பிதானே வாங்கியிருப்பீங்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. 2001-ல் பலேர்மோவுக்கு வந்து முதல் சம்பளம் எடுத்த அன்று நான் என்ன வாங்கினேன் தெரியுமா? பத்துப் பேனை உள்ள ஒரு பைக்கற். பத்தும் எனக்குத்தான். ஒன்று முடிந்தால் எறியலாம், அடுத்தது இருக்கிறது. அந்தச் சுகத்தை இல்லாமையில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கட கலியாண வீடுகளிலும் பிறந்தநாள்களிலும் பள்ளி விழாக்களிலும் பிளாஸ்ரிக் குவிவதற்கு வெறும் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. 'எங்களிட்ட இப்ப இருக்கு' என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். இதை ஒத்துக்கொள்ளாமல் சுற்றாடல் பற்றி ஆருக்கும் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை.

குட்டானும் பேனையும்

ஆனாலும் மகளோடு முழுக்க ஒத்துப்போகவும் மனம் வரவில்லை. அடுத்த கிழமை அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பனங்கட்டிக் குட்டான் தெரியும்தானே? ஊரிலிருந்து மாமி அனுப்பினது. அது இல்லாமையோ, டிசைனோ?"

யோசித்துவிட்டுச் சொன்னாள், "அது டிசைன்தான்."

பனங்கட்டி பனையிலிருந்து வருகிறது. அதை வார்க்கிற குட்டானும் அதே பனையின் ஓலை. சூடான பாகை ஊற்றினால் அது தாங்கும். ஆறியதும் கட்டி அதன் வடிவத்தையே எடுக்கும். ஆகவே அச்சும் அதுதான், பொதியும் அதுதான். தின்று முடிந்தால் ஓலையை எறியலாம், மண் தின்றுவிடும். ஆரோ ஒருவர் முன்னொரு காலத்தில் இதை யோசித்துச் செய்திருக்கிறார். தடை இருந்ததால் செய்தது அல்ல. பனை நிறைய இருந்த காலத்திலும் அதே குட்டான்தான்.

இதற்கு நேர் எதிரான பொருளும் ஒன்று இருக்கிறது. எங்கள் எல்லார் சட்டைப் பையிலும் உள்ள குமிழ்முனைப் பேனை. பிக் கிறிஸ்ரல் பேனை 1950-ல் விற்பனைக்கு வந்தது. அதை விற்ற மார்செல் பிக் இத்தாலியின் தொறினோவில் பிறந்தவர். 2006-ல் அந்த நிறுவனம் பத்தாயிரம் கோடியாவது பேனையை விற்றுவிட்டதாக அறிவித்தது. நான் அந்தப் பேனையைக் குறை சொல்லவில்லை. மலிவு, மை தெரியும், கசியாது, ஏழைப் பிள்ளைக்கும் எட்டும். வடிவமைப்பாக அது கெட்டித்தனமான வேலை. ஆனால் அதைச் செய்தவர்கள் எழுதி முடிகிற நாள் வரைதான் யோசித்தார்கள். மறுநாளைப் பற்றி யோசிக்கவில்லை.

மகளும் நானும் கடைசியில் ஒத்துக்கொண்ட இடம் இதுதான். இல்லாமையில் செய்தது, இருக்கும்போது தெரிந்து செய்தது இரண்டும் வேறு. முதலாவதில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. இரண்டாவதில் தெரிவு இருக்கிறது. ஆனால் கைவேலை ஒன்றுதான். அந்தக் கைவேலை எங்கட தலைமுறையோடு போகப் போகிறது.

வைக்கோல், சக்கை, தோல்

இப்போது கடைகளில் 'பச்சைக் கடுதாசி' நிறைய வந்துவிட்டது. வட இத்தாலியில் ஃபவீனி என்ற காகித ஆலை 2012-லிருந்து தோடம்பழம், திராட்சை, ஒலிவ், கோப்பி போன்றவற்றின் கழிவைச் சேர்த்துக் கடுதாசி செய்கிறது. எங்கட சிசிலியின் கத்தானியாவில் இரண்டு பெண்கள் 2014-ல் தொடங்கிய ஒறேஞ்ச் ஃபைபர் நிறுவனம், சாறு பிழிந்த சக்கையிலிருந்து நார் எடுத்துத் துணி செய்கிறது. 2017-ல் ஃபெறகாமோ அந்தத் துணியில் உடுப்புச் செய்து விற்றது. நல்ல முயற்சிகள். ஆனால் சிட்டையை வாசிக்க வேணும். ஃபவீனியின் கடுதாசியில் பழக் கழிவு மரக்கூழுக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது 15 வீதம் வரைதான். மிச்சம் வேறு நார். அது பொய்யில்லை, அவர்களே சொல்கிறார்கள். 'தோடம்பழக் கடுதாசி' என்று கேட்டவுடன் நாங்கள்தான் முழுக்கத் தோடம்பழம் என்று நினைத்துவிடுகிறோம்.

இதைப் புதுமை என்று நினைக்கிற எங்கட பிள்ளையளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்கில் வாழைச்சேனை காகித ஆலை 1950-களில் தொடங்கியபோது அது நம்பியிருந்தது வைக்கோலை. வயலில் மிஞ்சியது கொப்பியாக வந்தது. பல காலம் அந்த ஆலை முடங்கிக் கிடந்தது எங்கட துரதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்தில் 1979-ல் அரசு நிறுவிய காகித ஆலை கரும்புச் சக்கையில் கடுதாசி செய்கிறது. அந்த ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். 2022 பங்குனியில் இலங்கையில் வெளிநாட்டுக் காசு முடிந்து, காகிதம் இறக்க வழியில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அப்போது வாழைச்சேனையை நினைத்து ஏங்கியவர்கள் பலர்.

கடுதாசியின் ஆயுளைப் பற்றியும் பலேர்மோவில் ஒரு சாட்சி உண்டு. இங்குள்ள அரச ஆவணக் காப்பகத்தில், சிசிலியை ஆண்ட அடெலாசியா 1109-ல் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதுவித்த கட்டளை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் ஆண்டு தெரிந்த காகித ஆவணங்களில் மிகப் பழையது என்று கருதப்படுவது. அந்தக் காலக் காகிதம் கந்தல் துணியை இடித்துச் செய்தது. 1231-ல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடறிக், காகிதம் நின்று பிடிக்காது, அரச ஆவணங்களைத் தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். அவர் நம்பாத காகிதம் 900 வருசம் தாண்டி நிற்கிறது. நாங்கள் 'பழுதாகாமல் இருக்கட்டும்' என்று பிள்ளையளின் சான்றிதழை லமினேற் பண்ணுகிறோம். கடுதாசியையும் பிளாஸ்ரிக்கையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டால் அது கடுதாசித் தொட்டிக்கும் ஆகாது, பிளாஸ்ரிக் தொட்டிக்கும் ஆகாது. ஒரு பிள்ளை பன்னிரண்டு வருசம் தமிழ் படித்தால் அப்படி எத்தனை சேரும் என்று உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

கொப்பி செய்தோம்

கதைத்தது போதும், ஏதாவது செய்து பார்ப்போம் என்று மகள்தான் தொடங்கினாள்.

நான் வேலை செய்கிற அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சடித்த தாள்கள் கட்டுக் கட்டாகக் கழிவுக்குப் போகும். பொறுப்பாளரிடம் கேட்டேன். வாடிக்கையாளரின் பெயர், விலாசம் இருக்கிற எதுவும் வெளியில் போகக் கூடாது, வெறும் மாதிரிக் கீறல்களை மட்டும் எடுக்கலாம் என்றார். சரியான பேச்சு. அவர்களே பிரித்து ஒரு பெட்டியில் போட்டுத் தருகிறார்கள்.

தாளை அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி நடுவில் மடிக்க வேண்டும். மடிப்பு வெளிப்பக்கம், திறந்த ஓரம் தைக்கிற பக்கம். இப்படி அடுக்கித் தைத்தால் புரட்டும்போது வெள்ளைப் பக்கம் மட்டும்தான் தெரியும். கீறல்கள் உள்ளே ஒளிந்துவிடும். சீனரும் ஜப்பானியரும் பழங்காலத்தில் புத்தகம் கட்டிய முறை இது. பசை வேண்டாம், கம்பிச் சுருள் வேண்டாம், பருத்தி நூல் போதும். மட்டைக்கு, இவர் கொண்டுவருகிற மன்டரின் பெட்டிகளின் காட்போட். எழுதி முடிந்தால் நூலை இழுத்து எடுத்துவிட்டு முழுவதையும் அப்படியே கடுதாசித் தொட்டியில் போடலாம்.

அதைவிட முக்கியம் கோடு. இத்தாலியப் பள்ளிக் கொப்பிகளில் வகுப்புக்கு வகுப்பு கோடு வேறு. முதலாம் இரண்டாம் வகுப்புக்கு ஒன்று, மூன்றாம் வகுப்புக்கு வேறொன்று. எல்லாம் இலத்தீன் கூட்டெழுத்துக்காகச் செய்தவை: நடுவில் ஒடுங்கிய பட்டை, மேலும் கீழும் நீளுகிற எழுத்துகளுக்கு இடம். எங்கட சின்னப் பிள்ளையள் அந்த ஒடுங்கிய பட்டைக்குள் 'ஞ'வையும் 'ண'வையும் எழுதப் படுகிற பாட்டை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேன். முடியாமல் இரண்டு வரியைச் சேர்த்து ஒரு வரியாக்கி எழுதுவார்கள். ஒரு பக்கத்தில் பத்துச் சொல் வராது. அரைக் கொப்பி வீண். எழுத்து வடிவாய் வரவில்லை என்று பிள்ளைக்குப் பேச்சும் விழும். பிழை பிள்ளையில் இல்லை, கொப்பியில்.

மகள் கோட்டை மாற்றினாள். எழுத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், விசிறியும் காலும் சுழியும் போக இடையில் அரைச் சென்ரிமீற்றர். மடிக்க முன்னர் தாளை அச்சு இயந்திரத்தில் விட்டு வெள்ளைப் பக்கத்தில் மென்சாம்பல் கோடு அடித்தோம். சின்ன வகுப்பில் நாலு பிள்ளையளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் எழுதுகிற சொல் ஏறக்குறைய இரட்டிப்பானது. கடுதாசி மிச்சம் என்பதைவிட, பிள்ளையின் முகத்தில் தெரிந்த ஆறுதல்தான் எனக்குப் பெரிசு.

குறையும் இருந்தது. ஓரத்தில் தைத்த கொப்பி விரித்து வைத்தால் படிந்து நிற்காது, மூடிக்கொள்ளும். சின்னக் கையால் ஒரு பக்கம் அமத்திக்கொண்டு மற்றக் கையால் எழுத வேண்டியிருந்தது. இடக்கைக்காரப் பிள்ளை ஒன்று அழுதேவிட்டது. வகுப்பு ரீச்சர், "அக்கா, நல்ல மனதோடதான் செய்யிறியள், ஆனா பிள்ளையளுக்கு வில்லங்கமாக் கிடக்கு" என்றா. அதன் பிறகு தையல் ஓரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டோம். தாளையும் பதினாறாகக் குறைத்தோம். இப்போது ஓரளவு படிகிறது. சுற்றாடலுக்கு நல்லது என்பதற்காகப் பிள்ளை கஷ்டப்பட வேண்டும் என்றால் அந்தக் கொப்பி இரண்டாம் மாதமே மூலைக்குப் போய்விடும். பாவிக்க முடியாத பொருள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் குப்பைதான்.

கூட்டத்தில் நடந்தது

அடுத்த பரிசளிப்புக்கு முன்னான பெற்றோர் கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன்: கிண்ணம் வேண்டாம், சான்றிதழை லமினேற் பண்ண வேண்டாம், பரிசாகக் கொப்பியும் நல்ல பேனையும் கொடுப்போம்.

கூட்டம் அமைதியாக இருக்கவில்லை.

"தங்கச்சி, சனத்திட்டக் காசு சேர்த்துப்போட்டுக் குப்பைப் பேப்பரில கொப்பியோ குடுக்கிறது?" என்றார் ஒரு அண்ணை. இன்னொரு தாய் சொன்னா: "என்ர பிள்ளை இத்தாலிப் பள்ளியில கறுப்பு எண்டு பேச்சு வாங்கிக்கொண்டு வருது. இங்கயாவது மேடையில ஏறி ஒரு கப்பைத் தூக்கிப் பிடிக்கட்டும். அதையும் பறிக்காதேங்கோ."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாய் சொன்னதில் உள்ள நோவு எனக்கும் தெரியும். பரிசு என்பது ஒரு பொருள் மட்டுமில்லை. இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து 'நீ வென்றாய்' என்று சபை சொல்கிற தருணம் அது. அதைக் காட்போட் மட்டையால் ஈடு செய்ய முடியாது.

வழியைச் சொன்னவர் பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா. ஊரில் அதிபராக இருந்தவர். "எங்கட பள்ளிக்கூடங்களில சுழற்கேடயம் இருந்ததெல்லோ?" என்றார்.

இருந்தது. மரத்தில் செய்த பெரிய கேடயம். சுற்றிவரச் சின்ன வெள்ளித் தகடுகள். ஒவ்வொரு வருசமும் வென்றவரின் பெயர் ஒரு தகட்டில் ஏறும். கேடயம் ஒரு வருசம் வென்ற இல்லத்தில் இருக்கும், பிறகு திரும்ப வரும். என்ர பெரியப்பாவின் பெயரை அப்படியொரு கேடயத்தில் நான் பத்து வயதில் கண்டுபிடித்து விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அவர் வென்று முப்பது வருசம் கழித்து.

நாங்கள் தேடிய விடை அதுதான். ஒரு பொருள், பல வருசம், பல பேர். பழையதாக ஆகத்தான் மதிப்புக் கூடும். பிளாஸ்ரிக் கிண்ணத்தில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை, 'வாழ்த்துகள்' மட்டும்தான் இருந்தது. கேடயத்தில் பெயர் நிற்கும்.

கடைசியில் தீர்மானம் இதுதான்: பேச்சு, எழுத்து, இசை என்று மூன்றுக்கும் மூன்று மரக் கேடயங்கள். பழைய தளபாடம் திருத்துகிற ஒருவர் ஒலிவ் மரத்தில் செய்து தந்தார். மேடையில் தூக்கிப் பிடிக்க நல்ல பாரம் இருக்கிறது. சான்றிதழ் தடித்த கடுதாசியில், லமினேற் இல்லாமல். சின்ன வகுப்புகளுக்கு எங்கட கொப்பி. சோடனைக்கு மினுக்கத்தூள் இல்லை. பிளாஸ்ரிக் மினுக்கத்தூளை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்ரோபரிலிருந்து தடுத்துவிட்டதால் அதில் விவாதம் வரவில்லை. செலவு? முதல் வருசம் கிண்ணங்களுக்குப் போனதைவிடக் கொஞ்சம் கூட. அடுத்த வருசம் பெயர்த்தகட்டுக் காசு மட்டும்தான். அந்த அண்ணைக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளையள் சிலரும் 'கப் இல்லையா' என்று முகத்தைச் சுழித்தார்கள். மறைக்கவில்லை.

கொப்பி கொடுத்தபோது நான் பயந்தது வேறு. பிள்ளையள் வெட்கப்படுவார்களோ என்று. பெட்டி மட்டையை வெட்டும்போது அச்சடித்த பக்கத்தை வெளியில் விடுவோம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆகவே ஒரு கொப்பியில் பாதி மன்டரின், ஒன்றில் இலை மட்டும், ஒன்றில் 'சியாகுல்லி' என்ற எழுத்தின் நடுத்துண்டு. இரண்டு கொப்பி ஒரே மாதிரி இல்லை. மேசையில் பரப்பி வைத்ததும் பிள்ளையள் சண்டை. "எனக்கு இலை வேணும்", "எனக்குப் பழம் வேணும்." மட்டை எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. எங்கட பள்ளி சின்னன். எங்கட மாற்றத்தால் பெல்லோலாம்போ மேடு ஒரு சாணும் குறையப் போவதில்லை. ஆனால் உலகம் முழுக்க எங்கட பள்ளிகள் வருசா வருசம் வாங்குகிற கிண்ணம், பதக்கம், பை, கோவை எல்லாவற்றையும் ஒன்றாக யோசித்தால் அது சின்ன விசயமில்லை.

அடுத்த விழாவுக்கு ஓடர் கொடுக்க முன்னர் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எத்தனை நாள் பாவனையில் இருக்கும்? உடைந்தால் திருத்தலாமா, முடிந்தால் நிரப்பலாமா? எறியும்போது பிரித்து எறியலாமா? நாலாவது கேள்விதான் முக்கியம்: இதைக் கையில் வாங்குகிற பிள்ளை சந்தோசப்படுமா? நாலாவதுக்கு 'இல்லை' என்றால் முதல் மூன்றும் வீண்.

வடிவமைப்புப் படிக்கிற இரண்டாம் தலைமுறைப் பிள்ளையளுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் எழுதப் பழகுகிற பிள்ளைக்கு ஏற்ற கோடு போட்ட கொப்பி இந்த நாட்டுக் கடைகளில் இல்லை. உங்கள் நாட்டிலும் இருக்காது. அதைச் செய்யுங்கள். எங்களிடம் கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்தது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது.

போன கிழமை மகளின் மேசையைத் துடைக்கும்போது அந்தப் பித்தளைக் குழாயைக் கண்டேன். அதற்குப் பக்கத்தில் மை முடிந்த பேனைக் கூடு ஒன்று. உள்ளே ஒரு பென்சில் துண்டு செருகியிருந்தது. எது நல்லா எழுதுது என்று கேட்டேன்.

"பேனைக் கூடு பாரம் குறைவு அம்மா. ஆனா கொஞ்சம் ஆடுது. அதைத்தான் சரிப்பண்ணப் பாக்கிறன்" என்றாள்.